திண்ணையை விட்டு இறங்கட்டும்



மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாத மாலையில், நம் பங்கின் குடும்பத் தலைவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய தந்தைக்கு அப்பொழுது வயது 77. பொதுப்பணித் துறையில் பாசன லஸ்கராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மழைக்குப் பாசி படர்ந்திருந்த கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பும் இடுப்பில் சிறிது வலியுமே. ஆயினும் மகனை அச்சம் பற்றிக்கொண்டது. "காலையில் வாய்க்கால் கரைவரை நடந்துவிட்டு வருவதை அப்பா நிறுத்தமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார், சாமி" என்றார்.

நானும் சென்று சொன்னேன். "மழைக்காலம் முடியும்வரை திண்ணையிலேயே இருங்கள், ஐயா. உடம்பு முக்கியம் அல்லவா?" பெரியவர் மறுத்துப் பேசவில்லை. பங்குச் சாமியாரே வீடு தேடி வந்து சொல்லும்போது என்ன பேசுவார், பாவம்!

மழைக்காலம் முடிந்தது. மார்கழி வந்தது, "பனியில் வேண்டாம்" என்றார்கள். பங்குனி வந்தது, "வெயில் தாங்காது" என்றார்கள். மறுபடியும் ஐப்பசி வந்தபோது, திண்ணையிலிருந்து வாசற்படியில் இறங்கவே அவருக்கு மருமகளின் தோள் தேவைப்பட்டது. விழுந்ததால் அவர் கால்கள் கெட்டுவிடவில்லை. மீண்டும் விழக்கூடாதென்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்தோமே, அதனால்தான் கெட்டன. அந்த அறிவுரை என் வாயிலிருந்து வந்தது என்பதால் இம்மாதம் இதைப் பற்றி எழுதும் கடமையும் எனக்கே உரியது என்று எண்ணுகிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மேலைநாட்டு வழக்கைப் பார்த்து, செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களை நாமும் 'இலையுதிர் காலம்' என்று எழுதிவிடுகிறோம். நம் ஊரில் அந்த மாதங்களில் எந்த மரம் இலை உதிர்க்கிறது? வேம்பும் அரசும் நம் முற்றத்தைக் குப்பையாக்குவது மாசி, பங்குனியில் அன்றோ! நம் முன்னோர் ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் பகுத்து வைத்தனர். பொருத்தமான பெயர்கள் இவையே. கூதிர் தொடங்கி முன்பனி முடியும்வரை உள்ள அந்த நான்கு மாதங்களே, நம் நாட்டில் வயது முதிர்ந்தோர் வீட்டைவிட்டு வெளியே வந்து மகிழத் தக்க காலம். பங்குனி முதல் ஆவணி வரை முற்பகல் பத்து மணிக்குமேல் அவர்களை வெளியே அழைத்துச் செல்வது கொடுமை.

"மழையில் எப்படிச் செல்வது?" என்று கேட்பீர்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆயின் நாள்தோறும் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை தோன்றிக் கொட்டித் தீர்த்துக் கடந்த பின், நாலைந்து நாள், சில வேளை ஒரு வாரம்கூட, வானம் வெளுத்துக் கிடக்கும். வெயில் உறைக்காது. புழுதி அடங்கியிருக்கும். வாய்க்காலெல்லாம் நீர் ஓடும். சம்பா நடவு முடிந்து தஞ்சைத் தரணி முழுவதும் ஒரே பச்சையாக இருக்கும். வானிலை அறிக்கையை நான்கு நாள் முன்னதாகவே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் இந்தக் காலத்தில், அந்த இடைவெளி நாளைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை அன்று.

மருத்துவர்கள் கூறுவதையும் கேளுங்கள். 65 வயது கடந்தோரும் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டும் என்றும், தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்யவேண்டும் என்றும் உலக நல நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருக்கிறது. முதியவர் ஒருவர் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாலே கால் தசை கண்கூடாக நலிகிறது. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் நடப்பதைக் குறைப்பவர், நடை குறைந்ததால் தசை நலிந்து, முன்னிலும் எளிதாக விழுகிறார். எங்கள் லஸ்கர் ஐயாவுக்கு நிகழ்ந்தது இதுவே.

அவரைப் பார்த்த பிறகு எனக்கு உறுத்தல் ஏற்பட்டது. முதியோர் அனைவரையும் எங்கேனும் அழைத்துச் செல்லவேண்டும் என்று துடித்தேன். துடிப்பு இருந்த அளவுக்கு அறிவு இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். இளைஞர்கள் ஒரு பேருந்தை அமர்த்தினார்கள். ஒரே நாளில் ஆறு இடங்கள்! அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பாடு, இரவு பதினொரு மணிக்குத் திரும்புதல். "பெரியவர்கள் இனி எப்போது பார்க்கப் போகிறார்கள், எல்லாவற்றையும் காட்டிவிடுவோம்" என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஏறுவதும் இறங்குவதுமாக நாள் கழிந்தது. மூன்றாம் இடத்தில் பாதிப்பேர் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை. கழிப்பறைக்கு எங்கே செல்வது என்ற கவலையில் மூதாட்டியர் சிலர் காலை முதல் ஒரு வாய் நீர்கூட அருந்தவில்லை என்பது பிறகே தெரிந்தது. இரத்த அழுத்தத்திற்கென்று கொடுத்த நீர் பிரியும் மாத்திரையை அன்று விழுங்காமலே விட்டவர்களும் உண்டு. திரும்பி வந்து இறங்கும்போது, வீங்கிய காலைத் தரையில் ஊன்றமுடியாமல் ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "உல்லாசப் பயணம் என்றீர்களே சாமி, அது இனிமேல்தானா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறு ஆண்டு ஒரே ஓர் இடம் என்று முடிவு செய்தோம். கல்லணை. "பக்கத்தில்தானே பூண்டி மாதா கோவில், அதையும் சேர்த்துக்கொள்வோம்" என்று சிலர் வற்புறுத்தினர். பூண்டிக்கு வேறொரு நாள் போவோம் என்று கண்டிப்பாக மறுத்துவிட்டேன். ஒரு குடும்பத்தில் ஒரு முதியவர் வந்தால், உடன் ஒரு மகனோ, மகளோ, பேரப்பிள்ளையோ வந்தே தீரவேண்டும் என்பது இரண்டாம் விதி.

புறப்படுமுன் ஆறு வாரம் இருந்தன. லஸ்கர் ஐயாவிடம் சென்று, பழைய அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "கல்லணைக்கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே மருத்துவரிடம் காட்டி, இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லித் தந்தபடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரத் தொடங்கினார். முதல் வாரம் வாசற்படிவரை. பிறகு தெருமுனை மின்கம்பம்வரை. பிறகு, கைத்தடியுடனும் பேரனுடனும், பழைய வாய்க்கால் கரைவரை. போவதற்கு ஓர் இடமும் நாளும் குறித்துவிட்டால், கால்களுக்கு எங்கிருந்தோ ஆசை வந்துவிடுகிறது. பயணத்தைவிட அந்த ஆறு வாரமே அவருக்குப் பெரிய மருந்தாயிற்று என்பது என் கணிப்பு.

கல்லணையைப் பாராதவர்கள் நம் மாவட்டங்களில் குறைவு. ஆனால் பார்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் பார்த்திருக்கிறோம்? பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அன்று நாங்கள் நிழலில் நாற்காலிகளைப் போட்டுப் பெரியவர்களை அமர்த்தினோம். அரைமணி நேரம் சென்றிருக்கும். லஸ்கர் ஐயா கைத்தடியை நீட்டி, பேரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரைச் சூழ்ந்தனர். அவருடைய கச்சேரி களைகட்டிவிட்டது!

மேட்டூரிலிருந்து வரும் நீர் முக்கொம்பில் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிவதையும், காவிரிக்கிளை கல்லணையை அடைந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கிடப்படுவதையும், மிகுதியான வெள்ளத்தை மட்டும் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதையும் மண்ணில் தடியால் கோடு கிழித்துக் காட்டினார். "ஆழம் காணமுடியாத மணலின்மேல் எப்படித் தாத்தா அணை கட்டினார்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "கட்டவில்லை அம்மா, போட்டார்கள்" என்றார் அவர். பெரும் பாறைகளை ஆற்றில் இட்டால் நீர் அடிமணலை அரிக்கும். பாறை மெல்ல மெல்லப் புதையும். அதன்மேல் இன்னொரு பாறை, இடையில் களிமண். இனிப் புதையாது என்னும் நிலை வரும்வரை அப்படியே இட்டுக்கொண்டு போகவேண்டும். கரிகாலன் காலத்து வேலை என்று வழிவழியாகச் சொல்லப்படுவது அதுவே. 19ஆம் நூற்றாண்டில் அதனைச் சீர்செய்த ஆர்தர் காட்டன், மணல்மேல் அணை நிறுத்தும் கலையை இங்கே கற்றுக்கொண்டுதான் பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார் என்பது வரலாறு. காட்டன் பெயரைப் பெரியவர் சொல்லவில்லை. அதை நான் இடையில் புகுத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பேச்சைத் தம் பக்கம் திருப்பி, 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகைப் பகுதியைப் புயல் தாக்கியபோது, காற்றில் அணைந்து அணைந்து போகும் அரிக்கேன் விளக்கை வேட்டியால் மறைத்துக்கொண்டு தம் மதகடியில் நின்ற கதையைத் தொடங்கினார். மகன் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதெல்லாம் அப்பா வீட்டில் சொன்னதே இல்லை, சாமி" என்று என் காதருகே கூறினார். வீட்டில் யார் கேட்டார்கள்?

அன்று அணையில் நாங்கள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: இருந்தோம், பேசினோம், உண்டோம். இட்லியில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி எடுத்துச் சென்றிருந்தோம், புளிச்சோறும் இருந்தது. ஈரக்காலத்தில் தேங்காய்ச் சட்டினியை நம்பி எடுத்துச் செல்லவேண்டாம், நண்பகலுக்குள் ஊசிவிடும். போன ஆண்டு என்னைக் கேள்வி கேட்ட அதே பாட்டி, மகள் கண்ணில் படாமல் பேத்தியை அனுப்பிப் பொரித்த மீன் வாங்கி வரச்செய்து தின்றார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம்.

நீர்நிலை வேண்டாம், பறவை பார்க்கலாம் என்போருக்குக் கோடியக்கரையைப் பரிந்துரைப்பேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரணியத்துக்குத் தெற்கே, கடல் இருபுறமும் வளைந்து நிற்கும் முனையில், 1967ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட காட்டுயிர்ப் புகலிடம் அது. 2002ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் முதலே வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து உள்ளான் முதலிய சிறு பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். நீரில் வரிசையாக நிற்கும் பூநாரைகளும் உண்டு. புல்வெளியில் வெளிமான்கள் மேயும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலில் அந்தக் காட்டு மரங்கள் பல வீழ்ந்தன. முதியோருக்கு அங்குள்ள வசதி, பலவற்றை வண்டியில் அமர்ந்தபடியே காணலாம் என்பதுதான். ஆனால் கார்த்திகையில் போகாதீர்கள். வழியெல்லாம் சேறாக இருக்கும். மார்கழி பிறக்கட்டும். பெரியவர்களுக்கு இரயில் பிடிக்கும் என்றால், திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளி செல்லும் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய மீட்டர்பாதை வண்டியில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே பயணம் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைச் சன்னலோரம் உட்கார வையுங்கள்.

சென்னை, செங்கற்பட்டுப் பக்கத்தில் வாழும் உறவினருக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. நவம்பரிலிருந்து பறவைகள் கூடும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி புகலிடத்துப் பறவைகள் அஞ்சக்கூடாதென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊருக்கு ஒருமுறை சென்று அம்மக்களைக் கண்டு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

எல்லாருக்கும் வண்டியும் பணமும் வாய்க்காது என்பதை அறிவேன். வாய்க்கவேண்டும் என்பதும் இல்லை. ஆடியில் ஊன்றிய அவரை இப்போதுதான் பந்தலில் பூத்துக் காய்க்கும். அதைப் பறிக்கும் வேலையை ஆச்சியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள். டிசம்பர் பூ மலரத் தொடங்கிவிட்டால் பறித்து, தொடுத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு முழம் கொடுத்தனுப்புவது கை விரல்களுக்கு நல்ல பயிற்சி. பேச்சுத் துணையும் கிடைக்கும்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளை நம் முதியோர் ஒருவரும் தவறவிட விரும்பமாட்டார்கள். அன்று மாலை கூட்டமும் மெழுகுதிரியும் ஈரக் களிமண்ணும் சேர்ந்து அவர்களுக்கு இடர் தருகின்றன. ஆகவே இரண்டு நாள் முன்னதாக, வெயில் உள்ள ஒரு காலை வேளையில், புல் செதுக்கச் செல்லும் பிள்ளைகளுடன் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு முக்காலி இருக்கட்டும். பெயர் பொறிக்காத மேடுகளில் யார் யார் உறங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் பங்கில் சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி அப்படிச் சுட்டிக்காட்டிய மூன்று கல்லறைகளுக்கு இப்போது பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம்.

எங்கே சென்றாலும் சில முன்னேற்பாடுகளை மறக்கக்கூடாது. தேய்ந்துபோன இரப்பர்ச் செருப்புடன் ஈரத் தரையில் நடக்கவிடாதீர்கள். குதிகாலில் வார் உள்ள, அடிப்புறம் சொரசொரப்பான காலணி வாங்கிக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் எவ்விடத்திலும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. திரும்பி வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்துப் பார்க்கவேண்டும். சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும். மாத்திரை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பையில் கற்கண்டோ ரொட்டியோ இருக்கட்டும். நீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளில் எந்நேரம் எடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வழியில் கழிப்பறை எங்கெங்கே உண்டு என்பதை ஓர் இளைஞர் முன்தினமே போய்ப் பார்த்து வரவேண்டும். எங்கள் இரண்டாம் பயணம் நன்றாக நடந்ததற்கு அதுவே முதற் காரணம். இதை எழுத ஏன் கூச்சப்படவேண்டும்?

மருமகள்களைப் பற்றியும் ஒரு சொல். முதியவருக்குத் துணை என்றவுடன் அந்த வேலை அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்பவருக்கு அந்த ஒரு நாளாவது ஓய்வு வேண்டாமா? பயணத்திற்கு மகன் உடன் செல்லட்டும். லஸ்கர் ஐயாவின் மருமகள் அன்று வீட்டில் தனியாக இருந்து, நண்பகலில் இரண்டு மணி நேரம் உறங்கியதாகச் சொன்னபோது அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சி, கல்லணையில் மாமனார் முகத்தில் கண்டதற்குக் குறைந்ததன்று.

இந்த ஆண்டும் பயணம் உண்டு. எந்த இடம் என்று சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் முதியோரைக் கூட்டிக் கேட்டேன். பெரும்பாலோர் கோடியக்கரை என்றனர். லஸ்கர் ஐயாவுக்கு இப்போது வயது 80. கைத்தடியுடன் தாமாகவே கோவிலுக்கு நடந்து வருகிறார். அவர் மட்டும் கல்லணையே வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். "இவ்வாண்டு பறவை பார்ப்போம். கல்லணைக்கு மாசியில் போகலாமே, ஐயா" என்று சமாதானம் சொன்னேன். மேட்டூர் அணையைச் சனவரி 28ஆம் நாள் மூடிவிடுவது வழக்கம் என்பதை எனக்கு நினைவூட்டினார். பிறகு, "மூடிய மதகைப் பார்க்கவா சாமி என்னைக் கூட்டிப் போகிறீர்கள்?" என்றார். சனவரி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமையை அவருக்காக ஒதுக்கியிருக்கிறேன். வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம்.